உங்களுக்குத் தெரியுமா? வால்யூம் குமிழ் ஏன் கரகரக்கிறது?

பழைய ஆம்ப்ளிஃபயரில் வால்யூமைத் திருகும்போது கரகரவென்று சத்தம் வந்தால், ஸ்பீக்கரைச் சந்தேகிக்க வேண்டாம். குமிழுக்குப் பின்னால் குதிரைலாட வடிவில் ஒரு கார்பன் தடம் இருக்கிறது. அதன்மேல் ஓர் உலோக முனை உரசி நகரும். நடுவே தூசி படிந்தால் தொடர்பு விட்டுவிட்டு வரும். அதுதான் அந்தச் சத்தம்.

● பிளக்கைக் கழற்றிவிட்டு, காண்டாக்ட் கிளீனரை உள்ளே சிறிது பீய்ச்சி, குமிழை இரு பக்கமும் கடைசிவரை பலமுறை திருகுங்கள். நன்றாக உலர்ந்த பிறகே சுவிட்சைப் போடுங்கள்.

● வெள்ளி முலாம் பூசிய சுவிட்ச் முனைகள் கறுப்பது துருவால் அல்ல. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பட்டு உண்டாகும் வெள்ளி சல்பைடு அது. உப்புத்தாளால் தேய்த்தால் முலாமே போய்விடும்.

● கவனம்: பிளக்கைக் கழற்றிய பின்னும் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.