அட்டையும் ஆரோக்கியமும்

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறுகிறவருக்கு ரோஜா மாலை போட்டு, ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்து அனுப்புவது நமது பள்ளிக்கூடங்களின் வழக்கம். (இனி மணி பார்த்து ஓட வேண்டாதவருக்குக் கடிகாரம் எதற்கு என்று எவரும் கேட்பதில்லை.) அவருக்கு மெய்யாகவே வேண்டியவை வேறு: வியாதி வந்தால் வைத்தியச் செலவுக்கு ஒரு வழி, வராமலிருக்க ஒரு நியமம்.

முன்னதற்கு ஸர்க்கார் ஓரளவு வழி செய்திருக்கிறது. 2018-ம் வருஷம் செப்டம்பரில் ராஞ்சியில் தொடங்கிய ‘ஆயுஷ்மான் பாரத்’ காப்புத் திட்டம் முதலில் ஏழைக் குடும்பங்களுக்கே உரியதாயிருந்தது. 2024 அக்டோபர் 29 முதல், எழுபது வயது நிரம்பிய யாவருக்கும், வருமானம் எவ்வளவாயினும், அது விரிக்கப்பட்டது. திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை செலவு ஏற்கப்படும். கணவன் மனைவி இருவரும் எழுபதைக் கடந்தவர்களானால் இருவருக்கும் சேர்த்தே அந்த 5 லட்சம். ஆளுக்கு ஐந்து என்று எண்ணியிருப்போர் பலர். ஆதாரில் கண்ட வயதே சான்று. நீரிழிவு முன்பே இருக்கிறதென்று எவரையும் தள்ளுவதில்லை. தனியார் இன்ஷியூரன்ஸ் உள்ளவர்களும் சேரலாம்.

ஆனால், ஓய்வு அறுபதில், அட்டை எழுபதில். நடுவே பத்து வருஷம்! மாநில ஸர்க்கார் பென்ஷன்தாரருக்குத் தனி ஏற்பாடு உண்டு. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் உண்டு. இரண்டிலும் சேராத தனியார் பள்ளி ஆசிரியர், கடைக் கணக்கர் போன்ற மத்தியதர வகுப்பினர்தாம் அந்தரத்தில் நிற்கிறார்கள். சம்பளம் வரும் ஐம்பது வயதிலேயே அவர்கள் ஒரு பாலிஸி எடுத்து வைப்பது நலம். அறுபதுக்கு மேல் போய்க் கேட்டால் பிரீமியம் ஏறியிருக்கும். பழைய வியாதிகளுக்குக் காத்திருக்கவும் நேரும்.

இனி, நாம் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். இந்த அட்டை படுக்கைக்குப் பணம் தரும். தினசரி மாத்திரைக்குத் தராது. ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முன் 3 நாளும், வெளிவந்த பின் 15 நாளும் ஆகும் செலவு கணக்கில் சேரும். மற்றபடி மாதந்தோறும் டாக்டரைப் பார்ப்பது நமது பொறுப்பே. நாம் அறிந்த டிராயிங் மாஸ்டர் ஒருவர், அட்டை கைக்கு வந்த தைரியத்தில், ரத்தக் கொதிப்பு மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடத் தொடங்கினார். செட்டாம்! ஒரு விடியற்காலையில் பக்கவாதம் வந்து வலக்கை விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அவரிடம் ஒரு காசு வாங்கவில்லை; அது உண்மைதான். மூன்று தலைமுறைப் பிள்ளைகளுக்குச் சித்திரம் கற்பித்த மனிதர் இப்போது காகிதங்களில் இடது பெருவிரலை வைக்கிறார்.

இத்தனைக்கும் அந்த மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அதை வீட்டு வாசலுக்கே கொணர்கிறது. வரிசையில் நிற்பது கௌரவக் குறைவென்று எண்ணும் குடும்பங்கள் உண்டு. நமது வரிப் பணத்தில் வாங்கிய மருந்துக்கு நாம் வெட்கப்படுவானேன்?

தேகப் பயிற்சிக்கு வாரத்தில் 150 நிமிஷம் விறுவிறுப்பாக நடந்தால் போதும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் யோசனை. முதியோர் வாரம் மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சியும் செய்யவேண்டும் என்கிறார்கள். சுவரைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பதும் அதில் சேரும். வழுக்கும் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்களைப் பார்த்தவர்கள் இதைக் கேலி செய்யமாட்டார்கள். உப்பு, நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்குள். ஊறுகாயும் அப்பளமும் அந்தக் கணக்கில் அடங்கியவையே.

வீட்டிலிருக்கும் அம்மாளுக்கோ ஓய்வு பெறும் வயதென்பதே கிடையாது. அவருடைய ரத்த அழுத்தத்தை யாராவது அளந்து பார்த்ததுண்டா? அவருக்கும் எழுபது நிரம்பியிருந்தால் அவர் பேரிலும் தனி அட்டை எடுக்கவேண்டும். ஸந்தேகங்களுக்கு 14555 என்ற எண்ணில் டெலிபோன் செய்து கேட்கலாம்.