இல்லறத்தில் இரு மொழிகள்

கணவன் மனைவியரிடையே அன்பையும் கிருபையையும் உண்டாக்கியதைத் தன் அத்தாட்சிகளுள் ஒன்றாக வல்ல இறைவன் திருமறையில் (30:21) கூறுகின்றான். அதற்கு அடுத்த வசனத்திலேயே, மாந்தர்தம் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதையும் அத்தாட்சி என்கின்றான். மொழி வேறுபட்ட குடும்பங்களில் சம்பந்தம் செய்வோர் இவ்வமைப்பை ஊன்றிச் சிந்திக்க வேண்டும்.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி முதலிய ஊர்களில் உருது பேசும் முஸ்லிம் குடும்பங்கள் மிகுதி. தஞ்சை, திருச்சி, மதுரைப் பகுதிகளில் பெரும்பாலான முஸ்லிம்களின் வீட்டுமொழி தமிழே. தெற்கேயிருந்து வடக்கே வாழ்க்கைப்பட்டு வரும் பெண்ணை எண்ணிப் பாருங்கள். ஓதும் வேதம் ஒன்று. நோக்கும் கிப்லா ஒன்று. ஆனால், அடுப்படியில் நாத்தனார் கேட்பது அவளுக்கு விளங்குவதில்லை.

உருதுவில் முன்னிலைச் சொற்கள் ‘தூ’, ‘தும்’, ‘ஆப்’ என மூன்று. பெரியோர்க்குரியது ‘ஆப்’. நீ, நீங்கள் என்ற இரண்டையே அறிந்தவள், மரியாதை என்று கருதியே மாமியாரைத் ‘தும்’ என்று அழைத்துவிடுவாள். அவள் தடுமாறும்போது எழும் சிரிப்பு விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால், பரிகாசத்தை விலக்கும் வசனம் (49:11), பெண்கள் பெண்களைப் பரிகசிக்கலாகாது எனத் தனித்தே எடுத்துரைப்பதை மறந்துவிடக் கூடாது.

மூவர் இருக்குமிடத்தில் ஒருவரை விட்டுவிட்டு இருவர் இரகசியம் பேசுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அது மூன்றாமவரின் மனத்தை வருத்தும் என்பதே காரணம். அவருக்குத் தெரியாத மொழியில் பேசுவதும் இத்தடையில் அடங்கும் என மார்க்க அறிஞர்கள் விளக்கியுள்ளனர். புதுமணப்பெண் அமர்ந்திருக்கும் ஸுப்ராவைச் சுற்றி நாம் பேசும் பேச்சு எத்தகையது?

“வந்தவள்தானே கற்க வேண்டும்?” என்பீர்கள். கற்கத்தான் வேண்டும். நாயகம் (ஸல்) அவர்களின் கட்டளைப்படி ஜைது இப்னு தாபித் (ரலி) அவர்கள் 15 நாட்களுக்குள் யூதரின் எழுத்தைக் கற்றுக்கொண்டதாக ஹதீஸில் வருகிறது. ஆயினும், அவள் கற்கும் வரை சுமையைத் தாங்க வேண்டியவர்கள் வீட்டார் அல்லவா? அவள் ஒருத்தி, அவர்கள் பலர். அவள் பிறந்தகத்தை விட்டு வந்தவள். அவர்கள் தம் இல்லத்திலேயே இருப்பவர்கள்.

அபிசீனியாவில் பிறந்து மதீனா வந்த உம்மு காலித் என்னும் சிறுமிக்கு நாயகம் (ஸல்) அவர்கள் ஓர் ஆடையை அணிவித்து, “ஸனாஹ்” என்றார்கள். அழகு எனப் பொருள்படும் அபிசீனியச் சொல் அது. உயர்ந்தோர் தாமே இறங்கி வந்து, அச்சிறுமி வளர்ந்த நாட்டின் சொல்லால் அவளை மகிழ்வித்தார்கள். மாமியாரும் மருமகளிடம், “சாப்பிட்டாயா அம்மா?” என்று தமிழில் ஒரு வார்த்தை கேட்டால், மாமியாரின் மதிப்பு குறைந்துவிடுமா?

கணவனின் கடமை பெரிது. இருவருக்குமிடையே மொழிபெயர்ப்பவன் அவனே. தாயின் கோபச் சொல்லை மனைவிக்கும், மனைவியின் மனத்தாங்கலைத் தாய்க்கும் அப்படியே சுமந்து செல்வது கோள் சொல்வதற்கு ஒப்பாகும். இணக்கம் உண்டாக்க நல்லதை எடுத்துரைப்பவர் பொய்யரல்லர் என்பது நபிமொழியின் கருத்து.

உருது பேசும் பெண் தமிழ் இல்லத்தில் புகும்போதும் நீதி இதுவே. பிறக்கும் மக்கள் இரு பாட்டிமாரிடமும் மனம் திறந்து பேசட்டும்; ஒரு மொழியைத் தாழ்த்தி மற்றொன்றை ஊட்ட வேண்டாம்.

நம் நாவுகள் வேறுபடினும் இதயங்களை ஒன்றாக்கி வைக்க வல்ல ரஹ்மான் அருள்புரிவானாக! ஆமீன்.