வெள்ளிப் பூண் கைத்தடி பாகத்தில் வந்தால்...

பெரியவர் ஒருவருக்கே ஏழெட்டுக் கைத்தடிகள் இருந்த காலம் உண்டு. கோயிலுக்குப் போக ஒன்று, கோர்ட்டுக்குப் போக ஒன்று, கல்யாண வீட்டுக்கு வெள்ளிப் பூண் போட்டது ஒன்று, வரப்பில் நடக்க முரட்டு மூங்கில் ஒன்று. நடை தளர்ந்தவர்களுக்கு மட்டும் உரியதாக அன்று கைத்தடி இருக்கவில்லை. நாற்பது வயது வக்கீலும் மிராசுதாரும் அதைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே கிளம்புவார்கள்.

பெரியவர் காலமானதும் நிலமும் நகையும் பாத்திரமும் பாகம் பிரிகின்றன. மூலையில் சாத்திய கைத்தடிகளை யாரும் கேட்பதில்லை. வீடு கைமாறும்போது தூண், கதவோடு அவையும் பழைய சாமான் வியாபாரியிடம் போய்விடுகின்றன. இல்லாவிட்டால், "தாத்தா ஞாபகமாக இருக்கட்டும்" என்று மும்பையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் பேரன் ரயிலில் எடுத்து வந்துவிடுகிறான். முன்னதில் குடும்பத்தின் சரித்திரம் போகிறது. பின்னதில், கைத்தடியின் பிடி யானைத் தந்தமாக இருந்தால் சட்டமே குறுக்கே நிற்கும்.

எங்கிருந்து வந்தவை?

பழைய கைத்தடிகள் பலவற்றுக்குக் கடல் கடந்த கதை உண்டு. மலாக்காப் பிரம்பு என்று பெயர் பெற்றது சுமத்ரா, மலாயாப் பக்கத்துக் காடுகளில் விளைவது. இதில் கணுவுக்குக் கணு இடைவெளி மிக நீளம். அதனால் கணுவே தெரியாமல் ஒரு முழுக் கைத்தடியை வெட்டி எடுக்க முடியும். அதன் பளபளப்பு பிரம்பின் மேல்தோலுக்கே உரியது. வார்னிஷ் பூசி வந்ததல்ல. மலாயாவுக்கும் பர்மாவுக்கும் பிழைக்கப் போன நம்மவர்கள் இத்தகைய பிரம்புகளை ஊருக்குக் கொண்டுவந்ததுண்டு. உள்நாட்டு மரங்களில் கருங்காலியும் ஈட்டியும் பேர் போனவை.

வெள்ளிப் பூணில் சிறு முத்திரைகள் இருந்தால் பூதக் கண்ணாடியால் பார்க்க வேண்டும். நடக்கும் சிங்கமும் நங்கூரமும் தெரிந்தால், அது இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் தரம் பார்த்து முத்திரையிட்ட வெள்ளி. பக்கத்தில் உள்ள ஓர் எழுத்து ஆண்டைக் குறிப்பது.

தந்தப் பிடியா? முதலில் அதைப் பாருங்கள்

வெள்ளையாக இருப்பதெல்லாம் தந்தமல்ல. எலும்பும் செல்லுலாய்டும் தந்தம்போலவே தோன்றும். யானைத் தந்தத்தின் குறுக்குவெட்டில் வலை பின்னியதுபோல் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும். எலும்பில் கரும்புள்ளிகள் தெரியும். சூடான ஊசியால் குத்திப் பார்ப்பதாகச் சிலர் சொல்வார்கள். அதைச் செய்யவே கூடாது. பிடி கெடும், செல்லுலாய்டாக இருந்தால் தீப்பிடிக்கும்.

தந்தம் என்று தெரிந்தால் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை நினைவில் கொள்ள வேண்டும். 2002-ல் வந்த திருத்தத்தின்படி, இத்தகைய பொருள் வாரிசாக ஒருவருக்கு வந்தால், 90 நாட்களுக்குள் மாநிலத் தலைமை வனவிலங்குக் காப்பாளரிடமோ, அதற்கென உள்ள அதிகாரியிடமோ எழுதிக் கொடுக்க வேண்டும். மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோனால் 30 நாட்களுக்குள் அதையும் தெரிவிக்க வேண்டும். வெளி மாநிலத்தில் வாழும் நம்மவர்கள் இதைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். ரயில் ஏறுவதற்கு முன்பே வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது உத்தமம். உரிமைச் சான்றிதழ் இருந்தாலும் தந்தத்தை விற்க முடியாது.

ஆகவே பெரியவரின் பெட்டியில் பத்திரங்களோடு பழைய உரிமைச் சான்றிதழ் ஏதும் இருக்கிறதா என்று தேட வேண்டும். இல்லையென்றால் ஒளித்து வைப்பதால் பயனில்லை. வக்கீல் ஒருவரைக் கலந்துகொண்டு வனத்துறையை அணுகுவதே வழி. மான் கொம்புப் பிடி என்றாலும் அங்கேயே விசாரித்துக்கொள்வது நல்லது.

பிடியைத் திருகினால் உள்ளே கத்தி வருகிறதா? ஆயுத விதிகளில் இதுவும் வாளோடு சேர்த்தே எண்ணப்படுகிறது. ஊரைப் பொறுத்து லைசென்ஸ் தேவைப்படலாம். நூறு ஆண்டு கடந்த கைத்தடியை வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்கு அனுப்பவும் முடியாது. 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தனியாருக்கு அந்த ஏற்றுமதியை அனுமதிப்பதில்லை.

பராமரிப்புக்குச் செலவு அதிகமில்லை

கைத்தடிக்கு முதல் எதிரி ஈரம், இரண்டாவது உளு. பிரம்பிலும் மரத்திலும் குண்டூசித் துளைகள் தெரிந்து, கீழே மாவுபோல் தூள் உதிர்ந்தால், அந்தத் தடியை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்துவிட வேண்டும். தட்டித் துடைத்து, கறுப்புக் காகிதத்தின் மேல் சில நாள் கிடத்திப் பாருங்கள். புதிதாகத் தூள் விழுந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது என்று பொருள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலும், மும்பை சத்ரபதி சிவாஜி மகராஜ் அருங்காட்சியகத்திலும் பழம்பொருள் பாதுகாப்புக்கென்று தனிப் பிரிவுகள் உண்டு. அங்கே யோசனை கேட்டுப் பார்க்கலாம்.

வெள்ளியை விபூதி போட்டும், பித்தளையை புளி போட்டும் தேய்ப்பது நம் வீட்டு வழக்கம். கைத்தடிக்கு இரண்டும் ஆகாது. விபூதி தேய்க்கத் தேய்க்கச் சித்திர வேலை மழுங்கும். புளித் தண்ணீர் பூணுக்கு அடியில் இறங்கி மரத்தைக் கெடுக்கும். மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தாலே போதும். மரத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவினால் பிசுக்கேறித் தூசி ஒட்டும். வருஷத்துக்கு ஒருமுறை தேன்மெழுகை மிக லேசாகத் தடவித் துடைக்கலாம். தந்தப் பிடியில் தண்ணீர் படக் கூடாது, வெயிலும் படக் கூடாது, வெடித்துவிடும்.

சுவரில் சாய்த்து வைத்தால் பிரம்பு நாளடைவில் வளையும். ஒற்றை அறைக் குடித்தனமானாலும் உட்புறச் சுவரில் இரண்டு மரத் தாங்கிகள் அடித்துப் படுக்கை வாட்டில் வைக்கலாம். மழைச் சாரல் அடிக்கும் வெளிச் சுவர் வேண்டாம். சுற்றி வைப்பதற்குக் கஞ்சி போடாத, துவைத்த பழைய வேட்டி நல்லது. கஞ்சி பூச்சியை அழைக்கும். ரப்பர் பாண்டு போட்டால் வெள்ளி கறுக்கும். செய்தித்தாளிலும் சுற்ற வேண்டாம்.

உயரம் போதவில்லை, அதிகம் என்று அடியை வெட்டுவது பெரும் தவறு. அடிப்பூண் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் அது அவர் ஊன்றி நடந்த தேய்வு. அதை மாற்றிவிட்டால் பிறகு கிடைக்காது.

எழுதி வையுங்கள்

ஒரு வீட்டுக் கைத்தடிகள் அண்ணன் தம்பிகளிடையே பிரிவது தவிர்க்க முடியாததாக இருக்கலாம். பிரிவதற்கு முன் எல்லாவற்றையும் வரிசையாகக் கிடத்திப் படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் நூலில் ஓர் அட்டை கட்டி விவரம் எழுத வேண்டும். யாருடையது, எங்கே வாங்கியது, எந்த வருஷம், இப்போது யாரிடம் இருக்கிறது என்ற நாலு வரி போதும். ஒரு நோட்டில் அதற்கு நகலும் இருக்கட்டும்.

இந்த விவரம் வீட்டில் அத்தைக்கும் பெரியம்மாவுக்கும்தான் தெரியும். அவர்களுக்கும் வயதாகிறது. அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது, பாகம் கேட்பதற்கு முன்பாக இதைக் கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது. யாருடையது என்று தெரிந்த கைத்தடியைப் பேரப் பிள்ளைகள் அவ்வளவு எளிதில் தூக்கிப் போட மாட்டார்கள்.