படம் போட்ட மந்திரப் புத்தகங்களும் விட்டுப்போன முதல் அதிகாரமும்

மலர்க் குழுவினர் இவ்வாண்டும் என்னிடம் கட்டுரை கேட்டார்கள். வழக்கம்போல் சமணக் கல்வெட்டு ஒன்றைப் பற்றி எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். கல்வெட்டும் வரும், கொஞ்சம் சுற்றி வளைத்து வரும். நான் சித்தூரில் பித்தளை, செம்புப் பாத்திரக் கடை வைத்திருப்பவன். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பு நின்றது. மற்றதெல்லாம் கடையில் ஆள் வராத பிற்பகல்களில் படித்தது. பிழை இருந்தால் புலவர் பெருமக்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2021ஆம் ஆண்டு கோடையில் பெங்களூரிலிருந்து என் மகள் போன் செய்தாள். "அப்பா, பாப்பா சூனியக்காரி புத்தகம் வாங்கி வெச்சிருக்காப்பா. பக்கத்துக்குப் பக்கம் படம். மெழுகுவத்தி, கத்தி, நட்சத்திரம். எனக்கு பயமா இருக்கு" என்றாள். அந்த ஜனவரியில்தான், அப்போது நம் சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளியில், நன்கு படித்த பெற்றோரே தம் இரண்டு பெண்களைக் கொன்றுவிட்டு, அவர்கள் மீண்டும் உயிரோடு எழுவார்கள் என்று நம்பியிருந்த கொடுமை நடந்தது. அதற்கும் என் பேத்தியின் புத்தகத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் தாய் மனசுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. நான் பஸ் ஏறிப் போனேன்.

பேத்திக்கு அப்போது பதினேழு வயது. "தாத்தா, நீங்களே படிச்சுப் பாருங்க. அப்புறம் திட்டுங்க" என்று புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டாள். நியாயமான பேச்சு. இரண்டு நாள் அகராதியோடு உட்கார்ந்தேன். ஊர் திரும்பிய பிறகு மேற்கொண்டும் தேடிப் படித்தேன்.

அந்த நெறிக்கு விக்கா என்று பெயர். புத்தகம் அதைப் பழைய சமயம் என்று சொல்லிக்கொள்கிறது. ஆனால் உலகம் அறிய வெளிவந்தது 1950களில்தான். அதை வெளியே கொண்டுவந்தவர் ஜெரால்டு கார்ட்னர் (1884-1964) என்ற ஆங்கிலேயர். இவர் 1900இல், பதினாறு வயதில், இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். நம் தமிழ் மக்கள் கூலிக்காரர்களாகக் கப்பலேறிப் போன அதே தோட்டங்கள். பிறகு போர்னியோ, மலாயா என்று சுற்றினார். மலாய்க்காரர்களின் கிரிஸ் என்னும் குறுவாளைப் பற்றி 1936இல் ஒரு நூலே எழுதினார். ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பிய பிறகுதான் இந்த நெறியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அங்கே 1735ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டது. 1954இல் அவர் நூல் வெளிவந்தது. இது பழங்காலத்திலிருந்து அறுபடாமல் வந்த சமயம் அல்ல, நவீன காலத்தில் உருவானது என்பதை ரொனால்டு ஹட்டன் என்ற வரலாற்றுப் பேராசிரியர் 1999இல் விரிவாக எழுதியிருக்கிறார்.

சடங்கு என்ன என்றால், தரையில் வட்டம் இடுவார்கள். நான்கு திசைக்கு நான்கு பூதம். அதாமே என்ற கத்தி, கிண்ணம், கோல், ஐந்து முனை நட்சத்திரம் பொறித்த தட்டு. ஆண்டுக்கு எட்டுத் திருநாள். நான்கு, சூரியனின் அயன, விஷுவ நாட்கள். மற்ற நான்கு அவற்றுக்கு இடையே வருவன. சாத்தான் கிடையாது. உயிர்ப்பலி கிடையாது. பிறருக்குத் தீங்கு இல்லாதவரை உன் விருப்பம்போல் செய் என்பதே அவர்கள் விதி. அதைப் படித்ததும் சமணனான எனக்குக் கொஞ்சம் மனம் இளகியது என்பதை மறைப்பானேன்? செய்த வினை மூன்று மடங்காய்த் திரும்பும் என்றும் சொல்கிறார்கள். எங்கள் வினைக் கணக்கில் அப்படி நிலையான வட்டி விகிதம் இல்லை. சினம், செருக்கு, மாயம், உலோபம் என்ற நான்கு கஷாயங்களும் எவ்வளவு இருந்தனவோ அவ்வளவுக்குக் கட்டு. அது வேறு பாடம்.

நான் கவனித்தது இன்னொன்று. முதலில் இந்த நெறியில் சேர ஒரு குழு வேண்டும். குழுவில் உள்ளவர் தீட்சை தர வேண்டும். 1986இல் ரேமண்ட் பக்லாண்டு என்பவர் இதைப் பதினைந்து பாடங்களாக, படங்களோடும் பாடக் கேள்விகளோடும் அச்சிட்டார். பள்ளிக்கூட நோட்ஸ் மாதிரி! 1988இல் ஸ்காட் கன்னிங்ஹாம் என்பவர், குழுவே இல்லாமல் தனியாகப் பயில்வோருக்கென்று நூல் எழுதினார். தனக்குத் தானே தீட்சை. அதற்குப் பிறகு வந்த 'தொடக்கநிலை' படப் புத்தகங்களுக்குக் கணக்கு இல்லை. பேத்தி கையில் இருந்தது அந்த வம்சத்தில் ஒன்று. ஆசிரியர் போனார், படம் நின்றது.

இதைப் படித்தபோது எனக்கு என் கடைதான் நினைவுக்கு வந்தது. திருப்பதியில் கோவிந்தராஜ சுவாமி கோயிலைச் சுற்றி, சுவாமி படங்களோடு தமிழிலும் தெலுங்கிலும் சின்னச் சின்னப் புத்தகங்கள் விற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்தோத்திரம், விரதக் கதை, அவற்றுக்கு நடுவே யந்திரப் புத்தகம். சௌந்தரிய லஹரிக்கு 100 பாட்டுக்கும் 100 யந்திரம் போட்ட பதிப்பு உண்டு. என் தகப்பனார் காலத்தில் சென்னை கொண்டித்தோப்பிலிருந்து பெரிய எழுத்துப் புத்தகங்கள் வரும். பாரதக் கதையும் வரும், மாந்திரீகமும் வரும். வசியம், மோகனம், தம்பனம், உச்சாடனம், ஆக்ருஷணம், பேதனம், வித்துவேடணம், மாரணம் என்று எட்டுக் கர்மம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சக்கரம். கடைசியில் சொன்ன மாரணம் ஆளைக் கொல்வது. இப்படிப்பட்ட புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, "இந்த அளவுக்குச் செம்புத் தகடு வெட்டிக் குடுங்க" என்று என் கடைக்கு வருவார்கள். கத்திரியால் வெட்டி, நிறுத்து, காசு வாங்கிப் போடுவேன். எதற்கு என்று கேட்டதில்லை. பாத்திரம் வாங்குபவரிடம் என்ன சமைக்கப் போகிறாய் என்று கேட்கிறோமா?

யந்திரம் என்றதும் மிரள வேண்டாம். அதிகம் கேட்டு வருவது பதினைந்தாம் எண் சக்கரம். ஒன்பது கட்டம், ஒன்று முதல் ஒன்பது வரை எண்கள், எந்த வரிசையைக் கூட்டினாலும் 15. நடுவில் 5 மட்டுமே வர முடியும். ஏனென்றால் நடுக்கட்டத்தின் வழியாக நான்கு வரிசைகள் ஓடுகின்றன. அந்த நான்கின் கூட்டல் 60. ஒன்பது எண்களின் மொத்தம் 45. நடு எண் மட்டும் மூன்று தடவை அதிகமாக எண்ணப்பட்டிருக்கிறது, ஆகவே மீதி 15இல் மூன்றில் ஒரு பங்கு 5. மூலைகளில் இரட்டை எண்கள் வரும். திருப்பியும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாற்றியும் எழுதினால் எட்டு விதம். அவ்வளவே, ஒன்பதாவது விதம் கிடையாது. இதே சதுரம் சீனத்தில் லோ ஷு. ஐரோப்பாவில் 1533இல் அச்சான அக்ரிப்பாவின் நூலில் சனிக் கிரகத்தின் சதுரம். மேல்நாட்டு மந்திர நூல்களுக்கு அங்கிருந்துதான் போயிற்று. கஜுராஹோ பார்சுவநாதர் சமணக் கோயிலில் பதினாறு கட்டத்தில் 34 கூட்டல் வரும் சதுரம் கல்லில் இருக்கிறது. பேத்திக்கு இதைத் தாளில் போட்டுக் காட்டினேன். "அப்போ இதுல ரகசியமே இல்லையா?" என்றாள். கணக்கில் ரகசியம் இல்லை என்றேன்.

"நம்ம சமயத்துல மந்திரப் புத்தகம் இருக்கா தாத்தா?" என்று அடுத்த கேள்வி.

இருக்கிறது. நம் தமிழ் மண்ணிலேயே வேர் உள்ளது. இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் காலத்தில், சகம் 861இல் (கி.பி. 939), மானியகேடத்தில் இந்திரநந்தி என்ற முனிவர் 'ஜ்வாலாமாலினி கல்பம்' என்ற வடமொழி நூலை முடித்தார். அதன் தோற்றக் கதை தென்னாட்டு ஹேமகிராமத்தில் நடக்கிறது. ஹேமம் என்றால் பொன். வந்தவாசிக்கு அருகில் உள்ள பொன்னூர்தான் அது என்று பி.பி. தேசாய் போன்ற கல்வெட்டறிஞர்கள் காட்டியுள்ளனர். அங்கே ஹேலாசாரியர் (ஏலாசாரியர்) என்ற முனிவர் இருந்தார். அவருடைய மாணவி கமலஸ்ரீயை பிரம்மராட்சசன் பிடித்துக்கொண்டது. முனிவர் அருகிலிருந்த நீலகிரி என்ற குன்றின் உச்சியில் அமர்ந்து தேவியை வேண்டினார். (இது ஊட்டி நீலகிரி அல்ல.) தேவி தோன்றி என்ன வேண்டும் என்றாள். எனக்கு உலகப் பொருள் எதுவும் வேண்டாம், இந்தப் பெண்ணை விடுவித்தால் போதும் என்றார். தேவி ஒரு மந்திரம் எழுதிய தகடு கொடுத்தாள். செம்பு இல்லை, இரும்புத் தகடு! கடைக்காரன் புத்தி, இதைத்தான் முதலில் கவனித்தேன்.

ஆனால் கதையின் உயிர் அதற்கு அடுத்த இடத்தில் இருக்கிறது. தகட்டைக் கையில் வாங்கியும் முனிவருக்கு அதைக் கையாளத் தெரியவில்லை. விளக்கிச் சொல் என்று மறுபடியும் தேவியைக் கேட்கிறார். அவள் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். தெய்வமே எழுதிக் கொடுத்த தகட்டுக்கும் வாத்தியார் வேண்டியிருந்தது. அவருக்குப் பின் கங்கமுனி, நீலக்ரீவர், க்ஷாந்திரசப்பா என்ற குரத்தியார் (பெண் துறவி) என்று ஆள் ஆளாகச் சொல்லிக்கொடுத்து வந்த கல்வி அது. பொன்னூர் ஆதிநாதர் கோயிலில் 1733ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. ஞாயிறுதோறும் ஏலாசாரியர் வழிபாட்டின்போது பார்சுவநாதர், ஜ்வாலாமாலினி திருவுருவங்களை நீலகிரி மலைக்கு எடுத்துச் செல்ல வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. சொன்னேன் அல்லவா, கல்வெட்டு வரும் என்று.

இன்னொரு நூல் 11ஆம் நூற்றாண்டில் மல்லிசேணர் செய்த 'பைரவ பத்மாவதி கல்பம்'. திருப்பதிக்காரர்களுக்குப் பத்மாவதி என்றால் திருச்சானூர்த் தாயார்தான். இவள் வேறு, பார்சுவநாதரின் யட்சி, பாம்புப் படம் குடையாக உள்ளவள். இந்த நூல் பத்து அதிகாரம். பேத்தியிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதில் தம்பனமும் உண்டு, பெண்ணை ஈர்ப்பதும் உண்டு, வசியமும் உண்டு. அஹிம்சை பேசுகிற சமயத்தில் இது ஏன்? தீர்த்தங்கரர் பற்றற்றவர், கேட்டதைக் கொடுக்க மாட்டார். குடும்பஸ்தனுக்கோ பயிரும் நோயும் வழக்கும் உண்டு. அவன் வேறு வாசலுக்குப் போகாதிருக்க யட்சியர் வந்தார்கள் என்று ஆராய்ச்சியாளர் சொல்வார்கள். எனக்கு அந்தப் பதில் பாதிதான் திருப்தி. "எங்க புத்தகத்துல இன்னொருத்தர் மனசை மாத்த மந்திரம் பண்ணக்கூடாதுன்னு எழுதியிருக்கு தாத்தா" என்றாள் பேத்தி. அந்த ஒரு விஷயத்தில் அவள் புத்தகம் மேல்தான்.

ஆனால் இந்த இரண்டு கல்பங்களுக்கும் முதல் அதிகாரம் எது தெரியுமா? மந்திரி லட்சணம். மந்திரத்தைக் கையில் எடுப்பவன் எப்படிப்பட்டவனாக இருக்க வேண்டும் என்பது. அது முடிந்த பிறகுதான் மந்திரம், மண்டலம், யந்திரம் எல்லாம். கடைத்தெருப் புத்தகக்காரர்கள் செய்தது என்னவென்றால், இப்படிப்பட்ட பகுதியை விட்டுவிட்டு நேரே சக்கரத்துக்கு வந்துவிட்டார்கள். அதற்குப் படம் போட முடியாது, விற்பனையும் ஆகாது.

இது வெறும் ஏட்டு விஷயம் என்றால் நான் எழுதியிருக்க மாட்டேன். 1990களில் பலமனேர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மா புத்தகத்தோடு வந்தார். செம்புத் தகடு வாங்கிப் போனார். மூன்று மாதம் கழித்து இன்னும் கனமான தகடு. பிறகு பெரிய அளவில் ஒன்று. மூன்றாம் தடவை கூடவே பையன் வந்தான், எட்டு வயதிருக்கும், கையில் துணிக் கட்டு. என்னம்மா ஆச்சு என்று அன்றுதான் கேட்டேன். காக்கா வலிப்பு. வலிப்பு வந்து அடுப்பில் விழுந்துவிட்டானாம். புத்தகத்தில் பேய் பிடித்தவர்க்கு என்று போட்டிருந்த சக்கரத்துக்குத்தான் நான் மூன்று தகடு விற்றிருக்கிறேன். அன்று கடையை மூடிவிட்டு, நானே அவர்களை டாக்டரிடம் கூட்டிப்போனேன். தினம் தவறாமல் மாத்திரை. வலிப்பு படிப்படியாகக் குறைந்தது. கையின் தழும்பு போகவில்லை. தகட்டுக்கு வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த அம்மா வாங்கமாட்டேன் என்று சொல்லி, கடைசியில் ஒரு சொம்பு எடுத்துக்கொண்டு போனார்.

மகளுக்கு 'சூனியக்காரி' என்ற சொல்தான் பயமாக இருந்தது. மேல்நாட்டில் சிலர் அந்தப் பெயரைத் தாமே விரும்பி வைத்துக்கொள்கிறார்கள். இங்கோ அந்தப் பெயர் சூட்டப்பட்ட ஏழைப் பெண்ணை அடித்துக் கொல்கிறார்கள். அதனால்தான் பீகாரில் 1999இலும், ஜார்க்கண்டில் 2001இலும், ஒடிசாவில் 2013இலும் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. நம் நீலகேசிக் காப்பியத்தில் பேயே முனிவரிடம் பாடம் கேட்டு, பிறகு பல சமயத்தாரோடு தருக்கம் செய்யப் புறப்படுகிறது. அடிக்கவில்லை, படிக்க வைத்தார்கள்.

மகளிடம் புத்தகத்தைப் பிடுங்க வேண்டாம் என்றேன். பேத்தியிடம் ஒரே நிபந்தனை: உடம்புக்கு வந்தால் டாக்டர், மனசு சரியில்லை என்றால் அம்மா அல்லது நான், மெழுகுவத்தி அதற்கப்புறம். "டீல் தாத்தா" என்றாள்.

இப்போது கடைக்குத் தகடு கேட்டு வருகிறவர்களிடம் எதற்கு என்று கேட்கிறேன். வாசல் நிலைக்கு, பூஜைக்கு என்றால் வெட்டித் தருகிறேன். நோய்க்கு என்றால் உட்காரச் சொல்லி விசாரிக்கிறேன். சிலர் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். அங்கே தகடு தாராளமாகக் கிடைக்கிறது.

பேத்தி கல்லூரி முடித்து வேலைக்குப் போகிறாள். அந்தப் புத்தகம் இன்னும் அவள் அலமாரியில்தான் இருக்கிறது. பக்கத்தில் தேசாயின் சமணக் கல்வெட்டு நூலின் நகல் ஒன்றும் இருக்கிறது, நான் கொடுத்தது. அடுத்த லீவில் பொன்னூர் மலை ஏற வேண்டும் என்கிறாள். ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வா என்று சொல்லியிருக்கிறேன்.