மளிகைக் கடையில் கேட்ட மறையுரை

ஓர் ஊருக்குச் சென்றால் முதலில் அங்குள்ள கோயிலையும், அடுத்துக் கடைத்தெருவையும் காண்பது நம் வழக்கம். மக்கள் இறைவனிடம் எதை வேண்டுகின்றனர் என்பது கோயிலில் விளங்கும். எதை உண்டு வாழ்கின்றனர் என்பது கடைத்தெருவில் விளங்கும். லூர்து நகர்த் திருப்பயணத்தை முடித்துக்கொண்டு பாரீஸ் மாநகரில் மூன்று நாள் தங்க நேர்ந்தபோதும் இவ்வழக்கத்தை நாம் கைவிடவில்லை. மோன்மார்த்தர் குன்றின் மேலுள்ள திரு இருதயப் பேராலயத்தில் காலைத் திருப்பலி முடிந்தபின், குன்றைவிட்டிறங்கிக் கிழக்கு நோக்கி நடந்தோம்.

முதலில் எதிர்ப்பட்டது ஷாத்தோ ரூஷ் என்னும் பகுதி. ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்து குடியேறிய மக்கள் கூடும் சந்தை அது. புகையிலிட்டு உலர்த்திய மீன், பெரிய வள்ளிக்கிழங்கு, வெண்டைக்காய் ஆகியவற்றோடு மரவள்ளி இலைகளும் கட்டுக் கட்டாக விற்பனைக்கு இருந்தன. மரவள்ளியின் கிழங்கையே அறிந்தவர் நாம். அவர்களோ இலையையும் இடித்துக் கீரையாகச் சமைத்து உண்கின்றனர்.

அங்கிருந்து சிறிது தொலைவு நடந்தால் வருவது லா ஷப்பேல். 'சிற்றாலயம்' என்பது அப்பெயரின் பொருள். பாரீசின் முதல் ஆயரும் மறைசாட்சியுமான புனித தியோனீசியாரின் பெயர் தாங்கிய நெடுந்தெரு ஒன்று அப்பகுதியில் செல்கின்றது. அத்தெருவில் கால் வைத்ததும் நாம் திகைத்து நின்றோம். கடைக்குக் கடை தமிழ் எழுத்துப் பலகைகள்! வாழைப்பூவும் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் நடைபாதை வரை பரப்பி வைக்கப்பட்டிருந்தன. உள்ளே சிவப்பரிசி மா, வறுத்துத் திரித்த யாழ்ப்பாணக் கறித்தூள், மாசிக் கருவாடு, பனங்கட்டி.

இக்கடைகள் தோன்றிய வரலாறு மகிழ்ச்சியும் கண்ணீரும் கலந்தது. 1954-இல் புதுவையின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962-இல் அதன் இணைப்பு சட்டப்படி நிறைவுற்றது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டோருள் பலர் பிற்காலத்தில் பிரான்சு சென்று குடியேறினர். 1983 சூலைத் திங்களில் இலங்கையில் நிகழ்ந்த கொடுமைகளுக்குப் பின் ஈழத்தமிழர் ஆயிரக்கணக்கில் அடைக்கலம் தேடி வந்தனர். வெறுங்கையராய் வந்தவர்கள் உழைத்து ஊன்றி எழுப்பியவையே இக்கடைகள்.

ஒரு கடையில் முதிய தாய் ஒருவர் ஒடியல் மாப் பொதியொன்றை எடுத்து முகத்தருகே கொண்டுசென்று கண்ணை மூடி நின்றார். நம் அங்கியைக் கண்டதும் நாணத்துடன் சிரித்தார்.

"பொலித்தீனுக்குள்ள இருக்கிற மாவுக்கு என்ன மணம் வரப்போகுது, சுவாமி? எண்டாலும் எடுத்தால் மணந்து பாக்காமல் வைக்க ஏலாது."

"கூழுக்கா, அம்மா?" என்று வினவினோம்.

"ஓம் சுவாமி. பேரப்பிள்ளையளுக்குக் கூழ் பிடியாது. எண்டாலும் ஞாயிற்றுக்கிழமை காய்ச்சுவன். ஒரு வாய் குடிச்சால், பிறகு ஊரைப் பற்றிக் கேப்பினம்."

எண்ணாகமத்தின் 11-ஆம் அதிகாரம் நம் நினைவுக்கு வந்தது. பாலைநிலத்தில் இஸ்ராயேல் மக்கள் எகிப்து நாட்டு மீனையும் வெள்ளரியையும் வெங்காயத்தையும் பூண்டையும் எண்ணி அழுதனர். பெருந்தீனிக்கு எடுத்துக்காட்டாக அப்பகுதியைப் பலமுறை மறையுரையில் விளக்கியிருக்கிறோம். அவர்கள் ஆண்டவர்மீது நம்பிக்கை இழந்தது தவறே. ஆயினும் பூண்டை நினைத்தது நாவாசையால் மட்டுமன்று. வேரறுந்து நிற்பவன் தன் அடுப்படியை நினைத்து அழுவான் என்பதை, அந்தத் தாய் அன்று நமக்கு உணர்த்தினார்.

ஊர் திரும்பிய பின்னரும் அம்முகம் நம்மை விடவில்லை. ஏனெனில் நம் பங்கிலும், தொடர்வண்டி நிலையத்தருகே, அத்தகைய கடையொன்று உண்டு. ஜார்க்கண்டு, ஒடிசா, பீகார் மாநிலங்களிலிருந்து ஆலைவேலைக்கு வந்துள்ள இளைஞர்களுக்காக நடத்தப்படும் கடை அது. கடுகெண்ணெயின் நெடி தெருவரை வீசும். "அந்த நாற்றத்தைச் சகிக்க முடியாது, சாமி" என்று கூறி அவர்களுக்கு வீடு கொடுக்க மறுத்தோர் நம் பங்கு மக்களிலேயே உண்டு. அவர்களைக் குறைகூறும் தகுதி நமக்கும் இல்லை. கடல் கடந்து சென்று அயலார் கடைகளை ஆர்வத்துடன் பார்த்த நாம், மூன்றாண்டுகளாக இக்கடையின் படியேறியதில்லை!

சென்ற திங்களில் ஏறினோம். வறுத்த கடலையை அரைத்த மாவை அவர்கள் 'சத்து' என்கின்றனர். உப்பும் வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்து, நீர் விட்டுப் பிசைந்து உண்டால் நண்பகல் வரை பசி தாங்குமாம். வாங்கி வந்து உண்டு பார்த்தோம், உண்மைதான். கடையில் நின்றிருந்த இளைஞர் நால்வரில் இருவர் கத்தோலிக்கர்! பெல்ஜிய நாட்டு இயேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ் 1885 முதல் சோட்டா நாக்பூரில் உழைத்து விதைத்த விசுவாசத்தின் வழித்தோன்றல்கள் அவர்கள். ஞாயிறுதோறும் நம் ஆலயத்தின் கடைசி வரிசையில் நின்று, திருப்பலி முடியுமுன்னரே வெளியேறுவோர் அவர்களே என்பதை அன்றுதான் அறிந்தோம். அவர்களது பெயரை அதுவரை நாமும் கேட்டதில்லை. வேறு எவரும் கேட்டதில்லை.

யோப்பா நகரில் புனித இராயப்பர் கண்ட காட்சியை அப்போஸ்தலர் பணி 10-ஆம் அதிகாரம் கூறுகின்றது. தீட்டென்று தாம் ஒதுக்கிய உணவு அவர்முன் இறக்கப்பட்டது. அதன் பொருளோ, கொர்னேலியுவின் வீட்டுப் படியேறிய போதுதான் அவருக்குத் தெளிவாயிற்று. ஒருவன் உண்பதை அருவருக்கும் நெஞ்சம், நாளடைவில் அவனையே அருவருக்கும். நம் சமையலறையின் அரசியான மிளகாயும் போர்த்துகீசியர் வழியாக அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அந்நியனே அன்றோ! அதனை ஏற்ற நாம் மனிதரை ஏற்கலாகாதா?

குடும்பத் தலைவர்களே, தாய்மார்களே! உங்கள் ஊரிலும் இத்தகைய கடையொன்று இருக்கும். இவ்வாரம் ஒருமுறை உள்ளே செல்லுங்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். ஏதேனும் ஒரு பொருளை வாங்கி, எப்படிச் சமைப்பதென்று கேளுங்கள். கேட்டபின் அவர்களது பெயரையும் கேளுங்கள். அந்நியனாய் வந்தவரை ஏற்றுக்கொண்டீர்களா என்று இறுதி நாளில் நம்மைக் கேட்கப்போகும் ஆண்டவர், ஒருவேளை இன்று அக்கடையில் கடுகெண்ணெய் வாங்க நின்றுகொண்டிருக்கலாம்.