வெங்காயச் சருகை அவசரப்பட்டு உரிக்காதீர்கள்!

கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்த புதிது. ஐந்து கிலோ சின்ன வெங்காயம் வாங்கினேன். வீடெல்லாம் சருகு பறக்கிறதே என்று, தோலைத் தேய்த்து உதறி, பளபளவென்று டின்னில் போட்டு மூடி வைத்தேன். பத்தே நாள்! திறந்தால் குப்பென்று நாற்றம். கறுப்புப் பொடியும் அழுகலுமாகப் பாதிக்கு மேல் குப்பைக்குப் போயிற்று. மாதக் கடைசி வேறு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் திட்டவில்லை. "ஏம்மா, சட்டையைக் கழட்டிட்டு மழையில நில்லுன்னா நீ நிப்பியா? அதுக்கும் சட்டை வேணும்மா" என்றார்.

அது மருந்து தோய்த்த சட்டை என்பதைப் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

வெங்காயத்தில் கரும்புள்ளி போடும் ஒரு பூசண நோய் உண்டு. வெள்ளை வெங்காயத்தைப் பிடித்து ஆட்டும். சிவப்பையும் மஞ்சளையும் அவ்வளவாகத் தொடாது. அமெரிக்காவில், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் வாக்கர் இதை ஆராய்ந்தார். நிறமுள்ள வெங்காயத்தின் சருகை உரித்துவிட்டால், அதையும் நோய் பிடித்தது! ஆக, காவல் சருகில்தான். 1929-ல் அவரும் சக விஞ்ஞானிகளும் அச்சருகிலிருந்து புரோட்டோகாட்டெச்சூயிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார்கள். (வாயில் நுழையாத பெயர்தான்!) ஈரம் பட்டதும் அது கரைந்து, பூசண வித்துகளை முளைக்க விடாமல் செய்கிறது.

அது எங்கிருந்து வருகிறது? வெங்காயத்தில் குவர்செட்டின் என்ற ஃப்ளேவனாய்டு இருக்கிறது. மேல் அடுக்கு காய்ந்து பழுப்பாகும்போது, அதுவே மாறி இந்த அமிலமாகிறது என்று 2000-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் காட்டினார்கள். காய்ந்து போகிற தோல், உள்ளே இருப்பதற்குக் காவல் வைத்துவிட்டுப் போகிறது!

அதற்காகச் சருகையே நம்பி இருந்துவிடாதீர்கள். நம் வீட்டில் வரும் கறுப்புப் பொடி வேறு பூசணம். சிவப்பு வெங்காயத்தையும் விடாது. ஈரமும் புழுக்கமும் என்றால் அதற்குக் கொண்டாட்டம். ஆகவே, வாங்கி வந்ததும் நிழலில் பரப்பி ஆற விடுங்கள். காற்றாடும் கூடையில் வையுங்கள். அடிபட்டது, ஈரமானது இருந்தால் முதலில் சமைத்துவிடுங்கள். அழுகியதை அன்றன்றே பொறுக்கி எறியுங்கள். உருளைக்கிழங்கோடு சேர்த்து வைக்காதீர்கள். உரிக்கும்போது சருகோடு நிறுத்துங்கள்; அதை அடுத்த சதை அடுக்கில்தான் குவர்செட்டின் அதிகம்.

இப்போதும் என் வீட்டில் சருகு பறக்கத்தான் செய்கிறது. பெருக்கிக்கொள்கிறேன். என்ன குறைந்துவிட்டது?