சாம்பல் தந்த மஞ்சள்

லான்ஜோ நூடுல்ஸில் முட்டையே கிடையாது என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். வாசகி ஒருவர் விடவில்லை. "அப்படியானால் அந்த மஞ்சள் நிறம் எப்படி வந்தது? நூல் நூலாக இழுக்கிறார்களே, அறுந்துபோகாதா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். பதிலைச் சாம்பலிலிருந்து தொடங்க வேண்டும்.

சீனாவின் கான்சு மாகாணத் தலைநகர் லான்ஜோ. மஞ்சள் ஆற்றையொட்டி நீண்டு கிடக்கும் ஊர். ஒரு கோடை முழுவதும் அங்கே இருந்தேன். இன்றும் காலையில் பசித்தால் அந்தக் கிண்ணம்தான் நினைவுக்கு வருகிறது. அங்கே நூடுல்ஸ் காலைச் சாப்பாடு. பொழுது விடியும் முன்பே கடை திறந்துவிடும். பல கடைகள் பிற்பகலில் சாத்திவிடும். மாட்டெலும்பும் இறைச்சியும் கொதித்து இறங்கிய தெளிந்த சாறு, வெள்ளை முள்ளங்கி வில்லைகள், சிவந்த மிளகாய் எண்ணெய், கொத்தமல்லியோடு பூண்டுத் தாள். ஹுய் இஸ்லாமியரான மா பாவ்ஸி 1915-இல் இதைத் தோளில் சுமந்து விற்றதாக ஊரார் சொல்கிறார்கள்.

இனி சாம்பல். அதன் பெயர் பெங்ஹுய். வடமேற்குச் சீனாவின் வறண்ட உவர்நிலங்களில் ஒரு குத்துச்செடி வளர்கிறது. நம் கடற்கரை உமரியின் குடும்பம். அதை அறுத்துக் காயவைத்துக் குழியிலிட்டு எரிப்பார்கள். சாம்பல் உருகி, ஆறியதும் கல்லாக இறுகிவிடும். கட்டியை உடைத்து நீரில் கொதிக்கவிட்டு, தெளிந்த நீரை மட்டும் மாவில் சேர்ப்பார்கள். அதிலுள்ள முக்கியமான பொருள் பொட்டாசியம் கார்பனேட்.

எங்கள் வீட்டில் அப்பளக்காரத்துக்கு இருந்த மரியாதைதான் அங்கே பெங்ஹுய்க்கு. காரம் கூடினால் அப்பளம் பொரிக்கும்போது சிவந்துவிடும் என்று பாட்டி துளி மாவை நாக்கில் வைத்துப் பார்ப்பார். லான்ஜோவிலும் அளவைத் தீர்மானிப்பது கைதான்: மாவைக் கிள்ளி இழுத்துப் பார்த்து, விறைத்தால் நீர், தளர்ந்தால் காரநீர் என்று தெளித்துத் தெளித்துப் பிசைகிறார்கள்.

கோதுமை மாவில் இயல்பாகவே இருக்கும் ஃபிளேவனாய்டுகள் நிறமற்றவை. காரம் பட்டதும் மஞ்சளாகிவிடும். வாசகியின் முதல் கேள்விக்கு அதுதான் விடை. கோதுமைப் புரதங்கள் பின்னிக்கொண்டு உண்டாகும் குளூட்டன் வலையையும் காரம் வலுப்படுத்துகிறது. வெந்த பிறகும் நூடுல்ஸ் குழையாமல் பல்லுக்கு எதிர்த்து நிற்பது அதனால்தான்.

அறுந்துபோகாததற்குக் கையும் காரணம். ஊறிய மாவைத் தடித்த கயிறாக்கி, இரு முனையையும் பிடித்துப் பலகையில் ஓங்கி அறைகிறார்கள். அது தானாக முறுக்கிக்கொள்ள, மடித்து மறுபடி அறைகிறார்கள். இப்படிச் செய்யச் செய்யப் புரத இழைகள் ஒரே திசையில் படிகின்றன. பிறகு எண்ணெய் தடவிய ஒரு துண்டை எடுத்து இழுத்து மடித்தால் இரண்டு, மறுபடி இழுத்தால் நான்கு. எட்டாவது இழுப்பில் 256 இழைகள்! மயிரிழையா, பூண்டுத் தாள் அகலமா, பெல்ட் அகலமா, மூன்று பட்டையாகவா என்று கேட்டுத்தான் இழுக்கிறார்கள்.

இப்போது பெரும்பாலான கடைகளில் செடிச்சாம்பல் இல்லை. ஆலையில் செய்த பொடி வந்துவிட்டது. சுத்தமானது, பொட்டலத்துக்குப் பொட்டலம் வீரியம் மாறாதது. கடைக்காரர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் எந்தச் செடியை எந்தப் பருவத்தில் அறுப்பது, எவ்வளவு எரிப்பது என்ற அறிவு, அதைத் தெரிந்த முதியவர்களோடு போய்விடக் கூடாது. இழுப்பதைப் படம்பிடிக்க ஆயிரம் பேர் நிற்கிறார்கள். சாம்பல் எரிப்பதையும் யாராவது பதிந்துவைக்க வேண்டும். இன்னொரு வேண்டுகோள்: இழுத்த நூடுல்ஸ் சாற்றில் ஊறி உப்பிவிடும். படம் எடுத்தது போதும், உடனே சாப்பிடுங்கள்.

வீட்டில் செய்ய முடியுமா என்றும் வாசகி கேட்கிறார். முடியும். சமையல் சோடாவைத் தட்டில் பரப்பி, ஓவனில் 120 டிகிரிக்கு மேல் ஒரு மணி நேரம் வைத்தால் சோடியம் கார்பனேட்டாகிவிடும். 100 கிராம் மைதாவுக்கு 1 கிராம் போதும். தோலை அரிக்கும், வெறுங்கையால் தொடாதீர்கள்; நீரில் கரைத்துச் சேருங்கள். இழுக்கக் கை பழகும்வரை மெல்லியதாகத் தேய்த்துக் கத்தியால் நறுக்கிக்கொள்ளலாம். நிறமும் கடிபதமும் வந்துவிடும்.